ஆண்டவர் வழியாக மகளுக்கு ஒரு திட்டு

போன வியாழக்கிழமை பருத்திப்பட்டில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்து, வேதவாசிப்பும் முடிந்து, ஒவ்வொருவராக ஜெபம் பண்ணச் சொன்னார்கள். அந்த வீட்டு அக்கா – பெயர் வேண்டாமே – கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உருக்கமாக ஆரம்பித்தார். உலக சமாதானம், நாட்டுத் தலைவர்கள், சபை, ஊழியங்கள்... எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில், "ஆண்டவரே, எங்க மருமகளுக்குக் காலையில ஆறு மணிக்கு எழுந்திரிக்கிற கிருபையைத் தாரும்" என்று முடித்தார்.

வந்திருந்த அத்தனை பேரும் ஆமென் போட்டோம். மருமகள் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் ஆமென் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. இந்த வித்தையில் நான் அந்த அக்காவுக்கே வாத்தியார் அல்லவா?

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபம். நான், மனைவி ரூத், மகள் ஜெனி. மூன்றே பேர். ஜெனி இப்போது பிளஸ் ஒன். சின்ன வயதில் அவள் ஜெபத்தைக் கேட்க வேண்டுமே... தெருநாய், ஸ்கூல் வேன் டிரைவர், காணாமல் போன ரப்பர் என்று ஒன்று விடாமல் ஆண்டவரிடம் சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவள் வளர்ந்தாள். கூடவே என் ஜெபமும் வளர்ந்தது. "ஆண்டவரே, ஜெனிக்கு போனைக் கீழே வைக்கிற மனசைத் தாரும்." "எதிர்த்துப் பேசுகிற ஆவியை எடுத்துப் போடும்." "ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதிருக்க உதவி செய்யும்."

நேரில் சொன்னால் பதிலுக்கு ஏதாவது பேசுவாள். ஜெபத்தில் சொன்னால்? வாயைத் திறக்க முடியாது! கண்ணை மூடி, கையைக் கூப்பி, கடைசியில் ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். இதைவிட வசதி எந்த அப்பனுக்குக் கிடைக்கும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி செக்ஷனில் எனக்குக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்த வேலையை வீட்டில் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டுக்கு வந்தது. போதகர் வந்திருந்தார். ஹால் நிறைய ஆட்கள். சபையில் நான் கொஞ்சம் பேர் வாங்கிய ஜெபக்காரன். இருபது நிமிடம் இடைவெளி இல்லாமல் ஜெபிப்பேன். அன்றைக்கும் நல்ல ஓட்டத்தில் இருந்தேன். அந்த ஓட்டத்திலேயே, "காலாண்டுத் தேர்வில் கெமிஸ்ட்ரியில் தவறிப்போன என் மகளுக்கு ஞானத்தைத் தாரும் ஆண்டவரே" என்று சொல்லி, மார்க்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

ஹாலே அதிர ஆமென் போட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் ஜெனியைக் காணோம். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் குடும்ப ஜெபத்துக்கு வரவில்லை. ஒரு நாள் தலைவலி. ஒரு நாள் ரெக்கார்டு நோட்டு. ஒரு நாள் காரணமே சொல்லவில்லை. சரி, இந்த வயதில் இப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, திடப்படுத்தல் படிவத்தைக் கொண்டுவந்து டி.வி. பக்கத்தில் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை. எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றவர்கள்தான் அதன் சார்பில் வாக்குக் கொடுப்போம். வளர்ந்த பிறகு, "நான் விசுவாசிக்கிறேன்" என்று பிள்ளை தன் வாயால் சபை முன்னால் சொல்வதுதான் திடப்படுத்தல். ஆறு மாதம் வகுப்புக்குப் போனவள், இன்னும் மூன்றே வாரம் இருக்கும்போது படிவத்தைத் திருப்பி வைக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"எனக்கு வேணாம்ப்பா. ஜெபம்னு கண்ணை மூடினாலே, யாரோ என்னைப் போட்டுக் கொடுக்கப் போறாங்கன்னு பயமா இருக்கு" என்றாள்.

எனக்கு அது முதலில் உறைக்கவே இல்லை. கோபம்தான் வந்தது. சபையில் என் மானம் என்னாவது? போதகருக்கு என்ன பதில் சொல்வது? அன்று ராத்திரி ஏழரைக்கு நானும் ரூத்தும் மட்டும் உட்கார்ந்தோம். பழக்கதோஷம்... "ஆண்டவரே, வழி தப்பிப் போகிற பிள்ளைகளை..." என்று வேண்டுமென்றே உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

ரூத் பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே மண்ணூர்பேட்டை. சாதாரணமாக ஜெபத்துக்கு நடுவில் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "இன்னா நீ, ஜெபம் பண்ணிகினு கீறியா, இல்ல கோள் சொல்லிகினு கீறியா?"

நான் வாயை மூடினேன். பிறகு, சரி, ஜெனி பேரை எடுக்காமலே ஜெபிப்போம் என்று மறுபடி தொடங்கினேன். நம்புவீர்களா? ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது! இருபது நிமிட ஜெபக்காரனுக்கு, மகளைப் பற்றிய புகாரை எடுத்துவிட்டால் ஆண்டவரிடம் சொல்ல வேறு சங்கதியே இல்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வெட்கத்தில்தான் ஜெனி சொன்னது உறைத்தது. காணாமல் போன ரப்பரைக்கூட ஆண்டவரிடம் கேட்ட குழந்தை. அவளுக்கு ஜெபத்தைப் பயமாக்கியது சினிமா இல்லை, செல்போன் இல்லை, கூடாத சேர்க்கை இல்லை... நான்.

"ஆண்டவரே, என் பிள்ளையை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டேன், என்னை மன்னியும்" என்று ஆரம்பித்தேன். ஆனால் பாதியிலேயே ஒரு விஷயம் புரிந்து நிறுத்தினேன். இதையும் உள்ளறைக்குக் கேட்கிற சத்தத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்! திட்டைத்தான் ஆண்டவர் வழியாக அனுப்பினேன் என்றால், மன்னிப்பையும் அவர் தலையிலேயே கட்டப் பார்க்கிறேனே. எப்பேர்ப்பட்ட கோழை நான்.

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "ஜெனி, அன்னைக்கு நான் பண்ணது தப்பும்மா" என்றேன். என் மகளிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான்.

"அந்த மார்க்கை அம்மாகிட்ட கூட சொல்லலப்பா. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. படிவத்தைப் போதகரிடம் திருப்பிக் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வருஷமும் திடப்படுத்தல் வரும், பிள்ளை தானாகக் கேட்கட்டும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். ஜெனி எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் கேட்டார்கள். அவள் இன்னும் தயாராகவில்லை என்று மட்டும் சொன்னேன். தயாராகாதது அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் ஏழரை மணி ஜெபம் ஒரு நிமிட ஜெபமாகவே இருந்தது. என் பயம், என் கோபம், கம்பெனி லைனில் புதுப் பையன் மேல் எரிந்து விழுந்தது... இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜெனி ஹாலில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் நோட்டை மூடி வைத்தாள். பிறகு ஒரு நாள் பாயில் ரூத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எதையும் கவனிக்காத மாதிரியே இருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். பருத்திப்பட்டுக் கூட்டம் ஆறரைக்கே முடிந்துவிட்டது. நானும் ரூத்தும் ஏரி ஓரமாக பைக்கில் வந்தோம். வழியெல்லாம் அந்த மருமகள் முகம்தான் எனக்கு. வீட்டுக்கு வந்து வழக்கம்போல உட்கார்ந்தோம். என் ஒரு நிமிடம் முடிந்தது. ஆமென் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆண்டவரே..."

ஜெனியின் குரல். நாலு மாதம் கழித்து!

"அப்பா இப்பல்லாம் ஒரே நிமிஷத்துல முடிச்சிடுறாரு, அதுக்காக உமக்கு ஸ்தோத்திரம்." பக்கத்தில் ரூத் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள். ஜெனி கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகத் தொடர்ந்தாள். "திங்கக்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கு. பயமா இருக்கு ஆண்டவரே. கூட இரும். ஆமென்."

கெமிஸ்ட்ரி என்ற வார்த்தையை, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவளாக எடுத்தாள். எனக்கு அது போதும். கண்ணைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிள்ளைக்கு விசுவாசத்தை நாம் ஊட்டி வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் குறுக்கே நிற்காமல் ஒதுங்கினாலே பாதி வேலை நடந்துவிடுகிறது. மீதியை அவர் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு ஸ்தோத்திரம்.

இதை எழுதலாமா என்று இந்த முறை ஜெனியிடமே கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எழுதுங்க. மார்க்கை மட்டும் போடாதீங்க."

மேலே போய்ப் பாருங்கள்... போடவில்லை.