முட்டுக்கட்டைக்குப் பிரெஞ்சில் என்ன?

துபாசி உத்தியோகம் என்பது ஒரே சண்டையை இரண்டு மொழியில் கேட்டுவிட்டு, இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். புதுச்சேரியில் சில்லறை வழக்குகளை விசாரிக்கும் பிரெஞ்சு நீதிமன்றத்தில் பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லி அழாமல் நான் வேறு யாரிடம் சொல்லி அழுவது?

எனக்குப் பிரெஞ்சு நன்றாகவே வரும். தமிழ் தாய்மொழி. ஆனால் நம் ஜனங்களுக்கு வழிவிடுவதற்கு ஒரு சொல் என்றால், வழியை அடைப்பதற்கு ஒன்பது சொல். அந்த ஒன்பதில் மூன்று, இந்த வருஷம் என் மானத்தை வாங்கிவிட்டன.

கட்டையை எடுத்தாயிற்று

குருசுக்குப்பத்து அன்னம்மாள் மீன் விற்கிற விதவை. அவர் வீட்டிலிருந்து தெருவுக்கு வர ஒரே ஒரு சந்து. பக்கத்து வீட்டுச் சவரிநாதர் தன் சுவரை அந்தச் சந்துக்குள் தள்ளிக் கட்டிவிட்டார். ஒல்லியான ஆளே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அன்னம்மாளின் மகள் பிலோமினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கருவடிக்குப்பம், மில்லில் வேலை. அவருடைய தகப்பனாரோ, மேளத்தோடு வாசல்வரை வரமுடியாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கோர்ட்டில் அன்னம்மாள் சொன்னது ஒரே வரி: "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வழியில்லாம இந்தாளு முட்டுக்கட்டை போடறாருங்க." ஊருக்கே தெரிந்த சுவரை எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். எனக்கோ வண்டிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை கண்முன் வந்து நின்றது. வழியில் ஒரு கட்டையைப் போட்டிருக்கிறார் என்று அழகான பிரெஞ்சில் சொன்னேன். நீதிபதி துரை நல்ல மனுஷர், நல்ல கனமும்கூட. இவ்வளவுதானா என்று சிரித்துவிட்டு, எட்டு நாளுக்குள் கட்டையை அகற்ற வேண்டுமென்று உத்தரவு எழுதினார். கால் மணியில் ஒரு வழக்கு தீர்ந்ததே என்று எனக்கும் பெருமைதான்.

எட்டாம் நாள் காலையில் சவரிநாதர் ஒரு சவுக்கு விறகை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, எனக்கு ஒரு கும்பிடும் போட்டார்.

"உத்தரவுப்படி கட்டைய எடுத்துட்டேங்க. எங்க வெக்கறதுன்னு தொரைய கேட்டுச் சொல்லுங்க."

விக்கினம் இல்லை

அன்னம்மாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை சுவர் என்றே சொன்னார், நானும் சுவர் என்றே சொன்னேன். எல்லாம் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. கல்யாணம் நிச்சயந்தானா, சும்மா பேச்சா என்று துரை கேட்கும்வரை.

"ஓலை மூணு ஞாயித்துக்கெழமையும் வாசிச்சாச்சிங்க. விக்கினம் ஒண்ணும் இல்ல" என்றார் அன்னம்மாள். எங்கள் மாதா கோயில் வழக்கம் அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார். யாராவது ஆட்சேபம் சொன்னால் அது விக்கினம். நானும் ஓலை வாசித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன்தான். அப்படியிருந்தும் என் பாழும் நாக்கு, "தடை எதுவும் இல்லை என்கிறார்" என்றது. துரை பேனாவைக் கீழே வைத்தார். தடை இல்லையென்றால் இந்த அம்மாள் இங்கே எதற்கு வந்தார் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா வழக்குக் காகிதங்களைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார், அடுத்த வழக்கைக் கூப்பிட்டாயிற்று.

தாழ்வாரத்தில் அன்னம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெல்லத்தான் சொன்னார்.

"சாமியாரு முன்னால இல்லாத விக்கினம், உங்க வாயிலதான் ஐயா இருக்குது."

எந்தப் பக்கம் ஜெயிக்கிறது?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. மாப்பிள்ளை வீட்டார் பாஸ்குவுக்குள், அதாவது ஈஸ்டர் பண்டிகைக்குள், வழி திறக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். குமாஸ்தாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து, அந்தக் காகிதங்களை மறுபடி பிரிக்க வைத்தேன்.

சவரிநாதர், சுவர் நிற்பது தன் அப்பா காலத்து எல்லைக்கல்லின்மேல்தான் என்றார். அன்னம்மாள், அப்பா காலத்தில் அங்கே கல்லே கிடையாது என்றார். எவ்வளவு நாளாக இந்தத் தகராறு என்று துரை கேட்டார். "ரெண்டு மாசமா இழுபறியா கெடக்குதுங்க" என்றார் அன்னம்மாள். ஐயோ, நான் என்ன செய்வேன், கயிறு இழுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். துரை முகம் மலர்ந்துபோனது. ஜூலை பதினாலாம் தேதிக் கொண்டாட்டத்தில் கடற்கரையில் கயிறு இழுக்கிற போட்டிக்குப் பரிசு கொடுப்பவரே அவர்தான். எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். அதையும் நான் தமிழில் கேட்டுத் தொலைத்தேன். கோர்ட்டே சிரித்தது. அன்னம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் இழுக்கறாங்கதான். நடுவுல இருக்கறது கயிறு இல்லீங்க, எம் பொண்ணு."

துரை சந்துக்குள் நுழைந்தது

அதை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.  துரை, தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மறுநாள் ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் வந்து இறங்கினார். சவரிநாதர் சந்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, "தாராளமா இருக்குது பாருங்க" என்று கை காட்டினார். துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒருக்களித்து உள்ளே போனார். பத்தடி போனதும் நின்றார். முன்னால் போகப் பார்த்தார், முடியவில்லை. பின்னால் வரப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. வயிறு ஒரு சுவரிலும் முதுகு இன்னொரு சுவரிலும் ஒட்டிக்கொள்ள, பிரெஞ்சில் உரக்க ஒன்று சொன்னார். அதை எழுதினால் என் உத்தியோகம் போய்விடும். என்ன சொல்கிறார் என்று தெருவே என் வாயைப் பார்த்தது. அன்னம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க ஐயா. இப்பத்தான் தொரைக்கித் தமிழ் புரிஞ்சிருக்குது."

அழைப்பு

துரையை வெளியே எடுக்க வேறு வழியில்லாமல் சவரிநாதரே தன் கடப்பாரையால் தன் சுவரைப் பெயர்த்தார். மிச்சத்தையும் இடிக்கும்படி உத்தரவு சந்திலேயே பிறந்தது. துரை கையைக் காட்டித்தான் உத்தரவு போட்டார், என் பக்கம் திரும்பவே இல்லை. பாஸ்கு முடிந்த வாரம் கல்யாணம். அன்னம்மாள் வெற்றிலை பாக்கோடு என் வீடு தேடி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு செய்தவனையும் மதித்துக் கூப்பிடுகிறாரே என்று உருகிப்போனேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"கட்டாயம் வந்துடுங்க ஐயா. சம்பந்தி ஊட்டுக்காரங்க எதனா கேட்டா மட்டும் பதில் சொல்லிடாதீங்க."

ஆக, சந்தை அடைத்தது என்னவோ சவரிநாதர்தான். வழக்கை இத்தனை நாளும் அடைத்துக்கொண்டு நின்றது, சர்க்கார் கோட்டு மாட்டிய இந்த அடியேன்.