தெர்மாமீட்டரோடு ஒரு சண்டை

முந்தாநாள் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிப்பார்கள். 'இவளா... மன்னிப்பா?' என்று.

நானேதான். கேட்டது ஸ்டேஷனரிக் கடை ரஹீம் பாயிடம். காரணம் — ஒரு தெர்மாமீட்டர்.

கதை செல்வியிடம் ஆரம்பிக்கிறது. செல்வி என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனாரின் மனைவி. நைனார்பாளையத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வெட்டுகிறவர்கள். அந்த வீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் வரை வந்துவிட்டாள். அப்புறம் கல்யாணம், குழந்தை, நான்கு வருட இடைவெளி. திடீரென்று ஒரு நாள், "அக்கா, நான் பி.எட். சேரப் போறேன்" என்றாள்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகம் திரும்பியது. "கொழந்தைய யாரு பாத்துப்பாங்க?" என்று கொழுந்தனார் கேட்டார். "நீங்கதான்" என்றேன் நான். அன்றிலிருந்து இந்தப் படிப்பில் எனக்கும் பங்கு உண்டு.

பி.எட். என்றால் படிப்பு பாதி, நோட்டு பாதி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுத வேண்டும். இடது பக்கம் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வி. வலது பக்கம் மாணவர் சொல்லப்போகும் பதில். மாணவர் இன்னும் வாயே திறக்கவில்லை — பதில் ரெடி! கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவில் கோடு வேறு.

"அவங்க வேற பதில் சொன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சொல்ல மாட்டாங்க அக்கா. மொத நாளே சொல்லிக் குடுத்துடுவோம்."

அதுதான் வழக்கமாம். மார்க் போடுகிற தேர்வாளர் வந்து உட்காரும் நாளுக்கு முந்தின நாளே அதே பாடம், அதே கேள்வி, அதே பதில். முழு ஒத்திகை. வருகிறவருக்கும் இது தெரியும். அவரும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்தானே? பத்து நிமிடம் கேட்பார், தலையாட்டுவார், அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்.

பயிற்சிக்கு டவுன் பள்ளிக்கூடங்களை எல்லாம் பேசத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். செல்விக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? கல்வராயன் மலை மேல் ஓர் அரசுப் பள்ளிதான் மிச்சம் இருந்தது. விடிகாலையில் எங்கள் ஊர் சின்னசேலத்தில் ஒரு பஸ், கள்ளக்குறிச்சியில் இன்னொரு பஸ், அப்புறம் வளைந்து வளைந்து மலை. முதல் வாரம் தினமும் வாந்தி. அப்படியும் ஒரு நாள் லீவு போடவில்லை அவள்.

தேர்வுக்கு அவள் எடுத்த பாடம், நீரின் கொதிநிலை. ஒன்பதாம் வகுப்பு. பீக்கரில் தண்ணீர், கீழே ஸ்பிரிட் விளக்கு, உள்ளே தெர்மாமீட்டர். 'நீரின் கொதிநிலை 100 டிகிரி' என்று பெரிய சார்ட் ஒன்றும் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினாள். தெர்மாமீட்டர் வாங்கித் தருவது என் பொறுப்பு.

வந்தது வினை. மலையில் வைத்துப் பார்த்தால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழிலேயே நிற்கிறது!

பாயிடம் கொண்டுபோனேன். மாற்றிக் கொடுத்தார். அதுவும் தொண்ணூற்றேழு. மறுபடி மாற்றினேன். மூன்றாவதும் தொண்ணூற்றேழு. சும்மா இருப்பேனா? கடையில் ஐந்தாறு பேர் நிற்கும்போதே, "டூப்ளிகேட் சாமான் வித்து ஜனங்கள ஏமாத்துறீங்க" என்று கத்திவிட்டேன்.

பாய் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போனார். பாய்லர் ஓரம் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் விட்டார். "பாருங்கம்மா. நூறு."

"அப்ப மேல மட்டும் ஏன் கம்மியா காட்டுது?"

"அது எனக்கு இன்னாம்மா தெரியும்? மல ஏறுனா அதுக்கும் மூச்சு வாங்குதோ இன்னாவோ!"

டீக்கடையே சிரித்தது. நான் தெர்மாமீட்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குத்தான் விஞ்ஞானம் தெரியாது. எம்.எஸ்ஸி. படித்த செல்விக்கும் தோன்றவில்லையே? கொதிநிலை நூறு என்பது அவளுக்கு எட்டாவதிலிருந்து மனப்பாடம். மனப்பாடமான விஷயத்தை யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். "தெர்மாமீட்டர் ரிப்பேர். யாரு கேட்டாலும் நூறுன்னு சொல்லுங்க." அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதில் கோட்டை விட்டால் இன்னொரு வருடம் வீட்டில் விடமாட்டார்கள். அவள் அம்மா இன்னும் கரும்புக் கட்டு சுமக்கிறார். டீச்சர் வேலை என்பது அவளுக்கு அந்தக் கட்டை இறக்கி வைக்கிற வழி.

தேர்வு அன்றைக்கு பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். தேர்வாளர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. முகத்தில் எந்தச் செய்தியும் இல்லை.

"தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்று கேட்டாள் செல்வி.

"நூறு டிகிரி!" வகுப்பே கூரையைப் பிய்த்தது. பீக்கரில் இன்னும் ஒரு குமிழி கூட வரவில்லை.

பத்து நிமிடம் ஆனது. எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். எழுந்தார்... நேராக மேஜைக்கு வந்தார். தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. முன் பெஞ்சில் இருந்த அலமேலு என்ற பெண்ணைக் கூப்பிட்டு, "பாத்துச் சொல்லும்மா" என்றார்.

அலமேலு குனிந்து பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"நூறு, டீச்சர்."

அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் நன்றி கூடச் சொன்னேன். ஆனால் செல்வியின் முகம் அப்படி இல்லை. தனக்காக ஒரு பிள்ளை கண்ணால் கண்டதை மறைக்கிறாள் என்பது அவளைச் சுட்டுவிட்டது.

"அலமேலு, அதுல இன்னா தெரியுதோ அத்த சொல்லு."

"நீங்கதான டீச்சர் நூறுன்னு..."

"நான் சொன்னது தப்பு."

அலமேலு மெதுவாக, "தொண்ணூத்தேழு" என்றாள்.

"ஏன் தொண்ணூத்தேழு?" தேர்வாளர் கேட்டது செல்வியை.

"தெரியலிங்க மேடம்." பதற்றத்தில் அவளுடைய பாடப்புத்தகத் தமிழ் ஓடிப்போய் நைனார்பாளையம் வந்துவிட்டது. "ரெண்டு தபா மாத்திட்டோங்க. கீழ நூறு காட்டுது. மேல வந்தா..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த இடைவெளியில் அலமேலு சொன்னாள். "டீச்சர், எங்க வூட்ல பருப்பும் அப்படித்தான். கீழ எங்க சித்தி வூட்ல வெரசா வெந்துடுது. அதே பருப்ப இங்க கொண்டாந்து போட்டா நேரம் ஜாஸ்தி ஆவுது. எங்கம்மா பருப்புதான் சரியில்லன்னு திட்டிக்கினு கீது."

அவள் அம்மா பருப்பைத் திட்டியிருக்கிறார். நான் பாயைத் திட்டியிருக்கிறேன்.

செல்வி சாக்பீஸை எடுத்தாள். ஒரு மலை வரைந்தாள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நூறு வரை காத்திருக்காது, முன்னாலேயே கொதித்துவிடும். அதனால் அதன் சூடு கம்மி, பருப்பு வேக நேரம் ஜாஸ்தி. நோட்டைத் திறக்கவே இல்லை. பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஒன்று கூட நோட்டின் வலது பக்கத்தில் எழுதி வைத்தது இல்லை! மணி அடித்தும் யாரும் எழவில்லை, தேர்வாளர் உட்பட.

கடைசியில் அவர் நோட்டைப் புரட்டினார். "இந்தப் பாடம் இதுல எங்கம்மா இருக்கு?"

"இல்லிங்க மேடம்."

எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். இறங்கி வரும் பஸ்ஸில் செல்வி அழுதாள். "போச்சுக்கா. சொல்லிக் குடுத்தது தெரிஞ்சிபோச்சி." எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வரை வந்தேன்.

போன வாரம் ரிசல்ட். செல்வி பாஸ்! அதிலும் எந்தப் பாடத்துக்காக அழுதாளோ, அதில்தான் மார்க் அதிகம். தகுதித் தேர்வு, வேலை என்று இன்னும் ஏற வேண்டிய வளைவுகள் இருக்கின்றன. ஏறிவிடுவாள். மலை ஏறினால் இப்போதெல்லாம் அவளுக்கு வாந்தி வருவதில்லை.

அதனால்தான் முந்தாநாள் பாய் கடை. "நீங்க வித்தது நல்ல தெர்மாமீட்டர்தான் பாய். தப்பு என்மேலதான்" என்றேன். காரணத்தையும் விளக்கினேன். காற்று, அழுத்தம் எல்லாம்.

பாய் யோசித்தார். "அப்ப அதுக்கு மூச்சு வாங்குதுன்னு நான் சொன்னது சரிதான?"

நேற்று செல்வி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க மலைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவள் ஒட்டிய சார்ட் இன்னும் அதே சுவரில் இருக்கிறது. 'நீரின் கொதிநிலை 100 டிகிரி.' அதன் கீழே, கோணல் மாணலாக, அலமேலுவின் கையெழுத்து:

'எங்க ஊர்ல 97. நாங்களே பாத்தோம்.'