பளிங்கில் ஏறிய மருந்து

உக்கிரபாண்டி பிறந்தது மல்லாங்கிணற்றில். மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பம் நாரணாபுரத்துக்குக் குடிவந்தபோது, உடன் வந்தவர்கள் அனைவரும் பட்டாசுக் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். அவர் மட்டும் விருதுநகரில் ஒரு பளிங்குக்கல் கடைக்கு லோடு இறக்கப் போனார். ராஜஸ்தானிலிருந்து கல்லோடு வந்திருந்த கைவேலைக்காரர்களிடம் ஆறு ஆண்டுகள் இருந்து அறுக்கவும் செதுக்கவும் மெருகேற்றவும் கற்றுக்கொண்டார். 2004க்குப் பிறகு, வீட்டுப் பூஜையறையில் பளிங்கு மண்டபம் வைப்பதென்றால் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

அவர் மனைவி வள்ளித்தாய்க்குப் பட்டாசு வேலைதான் வாய்த்தது. சண்முகவேல் முதலாளியின் கம்பெனியில், வெடிகளுக்குள் மருந்து அடைக்கும் அறையில், பதினோரு ஆண்டுகளாக இருந்தாள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது அலுமினியத் தூள் படிந்த கைகள் வெள்ளிப்பூச்சுப் பூசியவைபோல மின்னும். பக்கத்து அறைகளில் இருந்தவர்களில் மூன்று பேரை அவள் தீயில் பறிகொடுத்திருந்தாள். அந்த அறையிலிருந்து அவளை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர உக்கிரபாண்டிக்கு வேறு வேண்டுதல் இல்லை.

2008 ஆடியில் அதற்கு ஒரு வழி திறந்தது. சண்முகவேல் கட்டிய புது வீட்டுக்கு ஆவணியில் பால்காய்ப்பு. நான்கு தூண்களும் தாமரைப் பீடமும் கோபுரமும் கொண்ட ஐந்தடி உயர மண்டபம் ஒன்றை முதலாளியின் மனைவி செல்லக்கனி கேட்டாள். கல்லில் ஒரு ரேகைகூட இருக்கக் கூடாது என்றாள். உக்கிரபாண்டி தயங்கித் தயங்கித் தன் வேண்டுதலைச் சொன்னார்.

“வேலை நல்லா வரட்டும். வள்ளித்தாயை லேபிள் ஒட்டுற பக்கம் மாத்தச் சொல்லுதேன்” என்றாள் செல்லக்கனி.

அன்று அவர் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “சாமிக்கு வழுவழுன்னு வீடு கட்டிக் குடுக்கீக. நம்ம வீட்டுச் சுவருல சாஞ்சா முதுகு கிழியுது” என்று வள்ளித்தாய் அவரைச் சீண்டினாள்.

மண்டபம் நாற்பது நாளில் உருவானது. சொரசொரப்பான கல்லில் தொடங்கி, வரவர நைசான கற்களால் தேய்த்து, கடைசியில் மெருகுத்தூளைத் துணியில் தொட்டுப் பளபளப்பேற்ற வேண்டும். அந்தத் துணி, பலமுறை துவைத்துப் பதமான நூல்துணியாக இருக்க வேண்டும். நைலான் ஆகாது, புதுத்துணி கீறிவிடும். வாங்கி வைத்திருந்த துணி பால்காய்ப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது தீர்ந்துபோனது. வீட்டில் பழைய நூல்துணி என்று இருந்தவை வள்ளித்தாய் வேலைக்கு உடுத்தும் இரண்டு சேலைகள்தான். நைலான் சேலை உரசினால் பொறி பறக்கும் என்பதால், கம்பெனிக்குள் நூல்சேலைதான் உடுத்த வேண்டும். வாசலிலேயே போர்மேன் முந்தானையைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

“ஒண்ணைக் கிழிச்சுக்கோங்க” என்றாள் வள்ளித்தாய். “லேபிள் பக்கம் போனபெறகு எனக்கு நூல்சேலை எதுக்கு?”

வெளுத்துத் துவைத்த சேலைதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மின்வெட்டு மிகுந்த ஆண்டு அது. மண்டபம் நின்ற முதலாளி வீட்டுப் பூஜையறைக்கு ஜன்னலும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார். மறுநாள் காலையில் குழல்விளக்கு எரிந்தபோது, வெள்ளைப் பளிங்கின் மேல் மெல்லிய சாம்பல் நிறம் திரையிட்டதுபோலப் படர்ந்திருந்தது. செதுக்கின பள்ளங்களில் அது கறுத்தே கிடந்தது.

செல்லக்கனி கணவரைக் கூப்பிட்டாள். சண்முகவேல் விரலால் ஒரு தூணைத் தேய்த்தார்; விரலை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகப் பார்த்த நிறம் அது.

“இது நம்ம மருந்துல்லா” என்றார்.

கல்லின் குணம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். உக்கிரபாண்டிக்கு அது தோன்றவில்லை. தன் கம்பெனி மருந்துதானே, முதலாளிக்குப் புரியும் என்று எண்ணிச் சேலையைப் பற்றி உள்ளபடியே சொல்லிவிட்டார்.

“அவ உடுத்துன சேலையாலயா எஞ்சாமி மண்டபத்தைத் தொட்டே?” என்று செல்லக்கனி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. லேபிள் பேச்சு அத்தோடு முடிந்தது என்பது உக்கிரபாண்டிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டு பகலும் இரண்டு இரவும் திரும்பத் தேய்த்து, கண்ணில் படும் இடமெல்லாம் வெள்ளையாக்கிக் கொடுத்தார். பால்காய்ப்பு குறித்த நேரத்தில் நடந்தது. அந்த வாரமே லேபிள் பிரிவில் காலியாயிருந்த இடத்துக்கு வேறொரு பெண் போனாள். வள்ளித்தாய் பழைய அறைக்கே போய்வந்தாள். இன்னொரு நூல்சேலை எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம், தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுப்பார்கள் என்று தடுத்துவிட்டாள். இருந்த ஒரே சேலையை இரவில் துவைத்துக் காலையில் உடுத்திக்கொண்டாள்.

புரட்டாசி மூன்றாம் வாரத்தில் விடாத மழை. சேலை காயவில்லை. சீசன் உச்சத்தில் இருந்ததால் லீவு கிடையாது. வாசலில் முந்தானையைத் தொட்டுப் பார்க்கவும் ஆளில்லை. கல்யாணத்துக்கு எடுத்த நைலான் சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தே முக்காலுக்கு அந்த அறை தீப்பிடித்தது. மதுரைக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் வள்ளித்தாய் இறந்தாள். உராய்வினால் ஏற்பட்ட தீ என்று அறிக்கை எழுதினார்கள். எது உரசியது என்று அதில் இல்லை. உக்கிரபாண்டியும் யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் செல்லக்கனி ஆளனுப்பினாள். மண்டபத்தின் பின்தூணில், தாமரை இதழுக்கு அடியில், நகம் அளவுக்குக் கறுப்பு தெரிகிறதாம். எடுத்துத் தர வேண்டும். உக்கிரபாண்டி தேய்க்கும் கற்களை நனைத்துப் பையில் எடுத்துக்கொண்டு பீடத்தின் பின்னால் போய் உட்கார்ந்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். சேலையிலிருந்து இறங்கிய தூள் அப்படியே படிந்திருந்தது. நைசான கல்லால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். நனைத்த கற்களைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“போகாதும்மா” என்றார். “அது கல்லோட பிறந்த ரேகை.”