ரொட்டியை அறுக்கும் நாலொங்கோ

மசாக்காவில் உள்ள எங்கள் பெண்கள் விடுதிப் பள்ளிக்குப் பெற்றோர் வரும் ஞாயிறுகளில், வாசலில் மேசை போட்டு நீளக் கத்தியோடு உட்கார்ந்துவிடுவார் நாலொங்கோ கெவீனா. இரட்டைப் பிள்ளை பெற்றதால் அந்தப் பட்டம். விடுதிக் காப்பாளர் என்பதால் அந்தக் கத்தி. முழு ரொட்டி எதுவும் முழுசாக உள்ளே போகாது. ரொட்டியின் வயிற்றைக் குடைந்து, விடுதியில் தடைசெய்த போனை வைத்து அனுப்புவதுதான் எங்கள் ஊர்த் தாயன்பு.

தலைமையாசிரியர் லுயிமா பெருமகனார் இந்தப் பருவம் ஒரு கருத்தரங்கு போய் வந்திருந்தார். நெற்றிக்குப் பின்னால், "கொஞ்சம் பொறு" என்று சொல்கிற மூளை இருபத்தைந்து வயதில்தான் வேகுமாம். அதற்குள் லைக், கமெண்ட் என்று கிளறினால் பாதிப்பு வரலாம் என்றார்களாம். மசாக்கா வந்து சேர்வதற்குள் அது "வந்தே தீரும்" ஆகிவிட்டது.

"வளாகத்துக்குள்ள ஒரே ஒரு போன் இருந்தாலும், நாலொங்கோ, நீங்க பெட்டியக் கட்டிக்கலாம்" என்றார்.

அந்த ஞாயிறு கடலைப்பொடி டப்பாவில் ஒன்று, பொரித்த கோழிக்குள் ஒன்று சிக்கின.

"அது இல்லாம என் பொண்ணுக்குத் தூக்கமே வராது, நாலொங்கோ!" என்றாள் கோழி கொண்டுவந்த தாய்.

"கோழி முழுங்கிட்டு நல்லாத்தானே தூங்குது? ஆபரேஷன் சக்சஸ், அடுத்த நோயாளி வாங்க!" என்றார் கெவீனா. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ படம் பிடித்தார்கள்.

மறுநாள் கஞ்சி வரிசையில் பெண்கள் ஒருவருக்கொருவர், "ஆபரேஷன் சக்சஸ்!" என்றார்கள். கெவீனா காதைத் தீட்டிக்கொண்டார். வாசலில் சொன்னது இவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ வீடியோ பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் உள்ளே ஒரு போன். வேலை போச்சு. மெத்தைகளை எல்லாம் புரட்டிவிட்டு, பாட்டுக்குழுத் தலைவி பிரோசியைப் பிடித்தார்.

"எங்கடி அந்தப் போன்?"

"ஐயாகிட்டதான் மேட்ரன். வீடியோவுக்கு எந்தப் பாட்டு போட்டா லைக் ஏறும்னு எங்க குழுவையே கூப்பிட்டுக் கேட்டாரு."

கெவீனா பறிமுதல் டப்பாவை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். பாட்டுக்குழு ஜன்னலில் தொற்றிக்கொண்டது. பெருமகனாரின் கட்டைவிரல் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க நாலொங்கோ! நான் எடுத்த வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுது! அடுத்த தடவை கத்தியக் கொஞ்சம் மேல தூக்கி…"

"வளாகத்துக்குள்ள போன் இருந்தா என் வேலை போயிடும் ஐயா. இதுல போடுங்க."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு!"

"அப்போ இனிமே எங்க வேகப்போகுது? போடுங்க."

பெருமகனார் ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். போட்டார்.

கெவீனாவின் வேலை நிலைத்தது. இப்போதெல்லாம் மாலையில் அவர் அறை வாசலில், கெஞ்ச வந்த பெண்களின் வரிசைக் கடைசியில், டை கட்டிய ஒருவர் நிற்கிறார்.

"ரெண்டே நிமிஷம், நாலொங்கோ."