சுவரைப் பார்த்த பொம்மைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கொட்டகையில் நான் மேஸ்திரி. பொம்மைகளுக்குக் கண் வரைந்தவர் ஒல்லியான மனிதர். கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். யாரோடும் பேசமாட்டார். வரைந்து முடித்த பொம்மைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்.

“திமிரு. நாம பாக்கக் கூடாதாம்” என்றார்கள் கொட்டகையில்.

அவர் மனைவி அழுது கேட்டதால், புதுச்சேரியில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

“மத்தவங்கள மட்டமா நெனைக்கிறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“மத்தவங்கள நெனைக்கிறதே இல்லீங்க.”

“இது கர்வமில்ல, ஒதுங்குற சுபாவம்” என்று என்னிடம் சொல்லி, டாக்டர் அப்படியே சீட்டில் எழுதினார்.

எழுந்தோம். டாக்டரின் மேசைமேல் எங்கள் கொட்டகைப் பொம்மை ஒன்று இருந்தது. கண் வரைபவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது நான் வரைஞ்ச கண்ணுங்க. இந்த மாதிரி வேற எவனுக்கும் வராது. நல்லாருக்குதுங்களா?”

“ரொம்ப நல்லாருக்கு” என்றார் டாக்டர்.

உடனே இவர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். டாக்டர், தான் எழுதியதை அடித்தார். யோசித்து, மறுபடி அதையே எழுதி, பக்கத்தில் ‘கர்வம்?’ என்று சேர்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: “ஏண்ணே திருப்பி வெச்சீங்க?”

“அதான் அவரு பாத்துட்டாரே.”

பொம்மையைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.