தராசு அத்தான் எடை போட்ட வண்டி

என் அக்காவின் கணவருக்கு ஊரார் வைத்த பெயர் தராசு. கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க வேலை அவருக்கு. முப்பத்திரண்டு வருடம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். நேரில் பார்த்தால் எல்லாருக்கும் அவர் 'சார்'. நாலடி தள்ளிப் போனதும் 'தராசு'. எனக்கு அத்தான். நான் ஆணி, கொக்கி, கீல் விற்கிற கடைக்காரன். சொந்த மச்சான் என்றும் பாராமல் ஒரு தடவை என் கடைத் தராசையே தூக்கிக்கொண்டு போனவர் அவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவர் தராசு பார்க்கிற விதமே தனி. எடுத்த எடுப்பில் எடைக்கல்லைத் தொட மாட்டார். முதலில் காலித் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார். அப்புறம் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுவார். சிலர் அங்கே காந்தம் ஒட்டி வைத்திருப்பார்கள், சிலர் மெழுகு. என் கடையில் அகப்பட்டது ஒரு பசைக் கட்டி. எப்போதோ சிந்தி உறைந்துபோனது, சத்தியமாக நான் வைத்ததில்லை. "தெரிஞ்சு ஒட்டினாலும் தெரியாம ஒட்டினாலும் எடை தப்பு தப்புதான் மச்சான்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் முன்னால் என் மானம் போயிற்று.

அக்கா திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய்ச் சன்னல் அளப்பாள், துணி காட்டுவாள், தைத்துக் கொண்டுபோய்க் கம்பி அடித்து மாட்டிக் கொடுப்பாள். இருபது வருடமாகத் தன் பழைய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். கூரை மேல் கம்பிகள், பின் சீட்டில் துணிச்சுருள்கள், கழுத்தில் அளவு நாடா. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய இடது முட்டி தேய்ந்துபோய் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. நடக்கலாம், படி ஏறலாம், கிளட்சை மட்டும் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தான் ஓய்வு பெற்றதும் அதே வருடம்தான். அன்றிலிருந்து அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். ஊரெல்லாம் மெச்சியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு கணவனா என்று என் மனைவிகூட என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த மெச்சலுக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியும். அத்தான் வண்டியிலேயே இருக்க மாட்டார். கூடவே உள்ளே போவார். அக்கா துணி விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "உங்க சன்னல் ஒரு பக்கமா ரெண்டு சென்டிமீட்டர் சரிஞ்சிருக்கு, கட்டினவன் ஏமாத்திட்டான்" என்பார். காசைக் கொட்டி வீடு கட்டியவர்களின் முகம் சுண்டிப்போகும். அளந்து முடிவதற்குள் நாலு தடவை கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஒருத்தி அக்காவிடமே, "நீங்க மட்டும் வர்றதா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது சிரிக்க முயன்றாள். முடியவில்லை. கையில் இருந்த தொழில் கண்ணெதிரே கழன்றுகொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் பழைய வண்டி வாரத்துக்கு ஒரு தடவை நடுத்தெருவில் நிற்க ஆரம்பித்தது. அக்கா ஒரு புது மின்சார வண்டியில் கண் வைத்தாள். கிராஸோவர் என்கிறார்கள். கார் என்றால் கார் இல்லை, ஜீப் என்றால் ஜீப் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரம். "கிளட்சே கிடையாதாம்" என்று சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னாள். அத்தான் தலையாட்டினார். கை கழுவியதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

நோட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் நல்லது, வலது பக்கம் கெட்டது. இடது பக்கத்தில் முதல் வரி: 'ஓட்டுபவரின் இடது காலுக்கு ஓய்வு.' ஓட்டுபவர் என்று அவர் எழுதியது தன்னைத்தான்! அதைப் படித்தபோது எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா தையல் இயந்திரத்துக்குப் போய்விட்டாள்.

எடை போடுதல் எட்டு மாதம் நடந்தது. புகை இல்லை, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், பள்ளத்தில் அடி தட்டாது. சீட் இடுப்புக்கு நேராக இருப்பதால் முட்டி சரியில்லாதவர்கள் குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். இதெல்லாம் இடது பக்கம். சீட்டின் உயரத்தை அளக்க மட்டும் ஷோரூமுக்கு மூன்று தடவை போனார், பக்கத்து சீட்டை மட்டும். வலது பக்கத்தில், வண்டி கனமாக இருப்பதால் டயர் சீக்கிரம் தேயும். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சருக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாட்டரிக்கு வயசானால் என்ன கதி என்று யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வதில்லை. நீண்ட பயணத்தில் வழியில் சார்ஜ் தீர்ந்தால்?

"நீங்க கடைசியா நீண்ட பயணம் எப்ப போனீங்க அத்தான்?" என்று கேட்டேன்.

"போகலதான். போகணும்னு தோணிட்டா?"

"தோணட்டும், அப்ப பாத்துக்கலாம்."

"தராசு சரியில்லன்னா எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொன்னான்" என்றார்.

ஒன்றை மட்டும் நான் கவனித்துக்கொண்டே வந்தேன். இடது பக்கம் எப்போதெல்லாம் ஒரு வரி கூடுகிறதோ, இரண்டே நாளில் வலது பக்கத்துக்கு எங்கிருந்தாவது ஒரு வரி வந்து சேர்ந்துவிடும். கண்ணாடி துடைக்கிற வைப்பர் சின்னது என்பது வரைக்கும் எழுதியிருந்தார். உலகத்தில் எந்தத் தராசும் எட்டு மாதம் சரிசமமாக நிற்காது. இது நின்றது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன். "நான் ஓட்டணும்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "அவர் ரிடையர் ஆன மறுநாள் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. காலையில ஏழு மணிக்கே குளிச்சு, சட்டை போட்டு, நாற்காலியில உக்காந்திருந்தார். எங்க கிளம்பிட்டீங்கன்னு கேட்டேன். தெரியலையேன்னு சொன்னார்." நூல் கோத்து முடிந்தது. "அடுத்த மாசம் என் முட்டி போச்சு. அவருக்குப் போறதுக்கு ஒரு இடம் கெடச்சுது. அதை நானே எப்படிடா பிடுங்குவேன்? அவராப் பாத்துச் சொல்லட்டும்."

"அவர் பாக்கறதுக்குள்ள உன் தொழில் போயிடும்."

"அதுவும் தெரியும்" என்றாள். 

கடைசியில் பழைய வண்டி ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டு போன அன்று, புது வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஓட்டிப் பார்த்தால் போதாது, கம்பி வைத்தும் பார்க்க வேண்டும் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றார். எட்டடிக் கம்பி, அக்காவிடம் இருப்பதிலேயே நீளமானது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குள் நான் நுழைந்த கோலத்தை எந்த மச்சானும் எந்த அத்தானுக்காகவும் சகித்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடிக் கதவைக் காவல்காரர் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. ஓட்டிப் பார்க்க முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டியின் பின்கதவைத் திறந்து, இடது பக்கப் பின்சீட்டை மடக்கி, கம்பியை உள்ளே தள்ளினாள். பாதிதான் போனது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டையும் படுக்கவைத்த பிறகு, கம்பி முன்கண்ணாடி வரைக்கும் போய் அழகாகப் பொருந்தியது. பின்கதவும் மூடியது. அத்தான் உடனே நோட்டை எடுத்தார்.

"கம்பி வச்சா முன்னாடி ரெண்டாவது ஆள் உக்கார முடியாது" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் எழுதினார். "பாரு, இப்ப நீ எங்க உக்காருவே?"

அக்கா வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.

"அந்தப் பக்கம் ஸ்டியரிங்" என்றார் அத்தான்.

"தெரியும்."

"மேடம், லைசன்ஸ் இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அக்கா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். காலாவதி ஆகியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். புத்தம் புதிதாக இருந்தது.

"இதை எப்ப புதுப்பிச்சே?" அத்தானின் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க டயர் விசாரிக்கப் போன அன்னிக்கு."

அவள் குனியவில்லை, எம்பவில்லை. இடுப்பை வைத்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். விற்பனைப் பெண் ஓட்டுநருக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒற்றை சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. மூன்று வருடம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவள், வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையில் இறங்கிப் போய்விட்டாள். அவளுடைய தோள்கள் நிமிர்ந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். 

முற்றத்தில் நானும் அத்தானும் மட்டும் நின்றோம். அவர் கையில் நோட்டு விரித்தபடி இருந்தது.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"முப்பத்திரண்டு வருஷம் ஊரான் தட்டுக்கெல்லாம் அடியில கை விட்டுப் பாத்தேன் மச்சான். என் தட்டைப் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

"என்ன ஒட்டியிருந்துச்சு?"

"நான்தான்."

என் தராசைத் தூக்கிக்கொண்டு போன அன்றிலிருந்து, இவர் ஒருநாள் இப்படி நிற்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நின்றபோது சந்தோஷம் வரவில்லை. "தெரியாம ஒட்டினதுதானே அத்தான்" என்றேன். "எடை தப்பு தப்புதான்" என்றார்.

கால்மணி நேரம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. இறங்கி அவரைப் பார்த்தாள். அத்தான் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "இடது கால் வலிச்சுதா?" என்று கேட்டார். "அதுக்கு வேலையே இல்லைங்க" என்றாள். "அப்ப ஆர்டர் எழுதிக் கொடுத்துடலாம்" என்று விற்பனைப் பெண்ணோடு உள்ளே நடந்தார். எட்டு மாதம் இழுத்த விஷயம் எட்டு நிமிடத்தில் முடிந்தது.

வண்டி வந்தது. அக்கா தனியாகவே போய்வர ஆரம்பித்தாள். "நீங்க மட்டும் வர்றதா இருந்தா" என்று சொன்னவள் தன் தங்கை வீட்டுக்கும் சேர்த்துச் சன்னல் அளக்கச் சொன்னாள். அத்தான் காலையில் ஏழு மணிக்குக் குளித்து, சட்டை போட்டு, என் கடைக்கு வந்து உட்காருகிறார். என் தலையெழுத்து. வந்ததும் முதல் வேலையாகத் தராசுத் தட்டுக்கு அடியில் தடவிப் பார்க்கிறார். நானும் தட்டைத் தூக்கிக் காட்டுகிறேன்.

மாலையில்தான் அவருக்குக் கஷ்டம். பழைய வண்டி மூன்று தெரு தள்ளி வரும்போதே கடகடவென்று காதில் விழும். இப்போது வீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், ஒரு சத்தமும் இருக்காது. பார்த்தால் அக்கா கழுத்தில் நாடாவோடு பின்னால் நிற்பாள். திடுக்கிட்டுப் போவார். நோட்டில் கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தார், வலது பக்கம். 'சத்தம் இல்லை. அவள் எப்போது வருகிறாள் என்று தெரிவதில்லை.' அதை மேசைமேல் திறந்தபடியே வைத்திருந்தார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

குடியிருப்புத் தெருவில் ஹாரன் அடிக்கிறவர்களை நிறுத்திச் சட்டம் பேசுகிறவர் எங்கள் அத்தான். பால்காரர் முதல் தபால்காரர் வரை யாரையும் விட்டதில்லை. மறுநாள் சாயங்காலம் தெருமுனையில் இரண்டு தடவை, சின்னதாக, ஹாரன் சத்தம் கேட்டது. எதிர் வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து, "யாருப்பா அது?" என்று சத்தம் போட்டார்.

"எங்க வீட்டு வண்டிதான்" என்று பதில் சொல்லிக்கொண்டே அத்தான் கதவைத் திறக்கப் போனார்.