சின்னவளுக்கு ஒரு துணை

என் கணவர் கல்யாணக் குதிரை வைத்திருந்தார். இரண்டு வெள்ளைக் குதிரைகள், இரண்டும் பெண். வடக்கத்தியார் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையேறித்தான் மண்டபத்துக்கு வருவான். முன்னால் பாண்டு வாத்தியம், இரண்டு பக்கமும் தலையில் விளக்கு சுமக்கும் ஆட்கள், நடுவில் ஆடிக்கொண்டு வரும் சொந்தக்காரர்கள். பராத் என்பார்கள். மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் எத்தனையோ மாப்பிள்ளைகளை எங்கள் குதிரைகள் சுமந்து போயிருக்கின்றன.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர் அவர். தோல் வாடை ஒத்துக்கொள்ளாமல் பராத்தில் விளக்குத் தூக்கப் போனார். விளக்குத் தூக்கியவர் குதிரையின் பக்கத்திலேயே நடந்து நடந்து கடைசியில் குதிரைக்காரர் ஆகிவிட்டார். தாராவியில் எங்கள் சந்து முடியும் இடத்தில், ஓடையை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை. அதுதான் லாயம். குதிரைகளுக்கு அவர் பெயரெதுவும் வைக்கவில்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். நான் பக்கத்துப் பால்வாடியில் டீச்சர். காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் அந்த இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

ஒரு மழைக்காலத்தில் பெரியவளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. விடிந்ததிலிருந்து விழுந்து விழுந்து புரண்டாள். செம்பூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், குழாய் வழியாக எண்ணெய் இறக்கினார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாநகராட்சி வண்டி சந்துக்குள் வராது. கயிறு கட்டி, தார்ப்பாயில் போட்டு, சந்து நெடுக இழுத்துக்கொண்டு போனார்கள். சின்னவள் கட்டுத்தறியில் நின்று அத்தனையையும் பார்த்தாள். சத்தமே போடவில்லை.

சத்தம் அடுத்த நாள் தொடங்கியது. கொட்டகை வாசலில் நின்று ஓடைப் பக்கம் பார்த்துக் கனைப்பாள். காதை விடைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பாள். மறுபடி கனைப்பாள். கொஞ்ச நாளில் கனைப்பு நின்றுபோய் ஆட்டம் வந்தது. முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே நிற்பாள். பால்வாடி விட்டு வந்து பார்த்தாலும் அதே ஆட்டம்தான். கொள்ளு ஊறிப் புளித்தது. புல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

"ஏட்டி, இவளும் போயிருவா போலிருக்கே. கையில வச்சு ஊட்டினாலும் மூஞ்சியத் திருப்புதா" என்றார் அவர்.

மறுபடியும் டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் காதுக் குழாயை வைத்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சாணத்தைப் பார்த்தார்.

"உடம்புல ஒண்ணும் இல்லைங்க. குதிரை கூட்டமா வாழுற ஜாதி. தனியா நின்னா அதுக்கு பயம்தான், தூங்கக்கூட தூங்காது. ஏதாவது ஒரு துணை கொண்டு வந்து கட்டுங்க."

"இன்னொரு குதிரைக்கு இப்ப எங்க போக, சார்?"

"குதிரைதான் வேணும்னு இல்லை. ஆடு, கழுதை, எதுவானாலும் சரி. மூச்சு விடுற ஏதாவது ஒண்ணு பக்கத்துல இருக்கணும்."

அவர் சொன்ன அந்த ஏதாவது ஒன்றைத்தான் தேட ஆரம்பித்தோம்.

முதலில் என் கணவரே கொட்டகையில் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தார். மனுஷன் அவளுக்குத் துணையாகத் தெரியவில்லை. பிறகு பக்கத்து வீட்டு மைனி தன் வெள்ளாட்டைக் கொண்டுவந்தாள். கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவள் வீட்டுக்காரர் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவளும் நானும் ஒருவரையொருவர், அண்ணி முறை வைத்து, மைனி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"கட்டிப் பாருங்க மைனி. இதுவும் பொட்டதான? ஒருத்திக்கொருத்தி பேச்சுத் தொணையா இருக்கட்டும்" என்றாள்.

ஆடு பயமறியாதது. உள்ளே நுழைந்ததும் சின்னவளின் வயிற்றுக்குக் கீழே புகுந்து வைக்கோலை இழுத்தது. சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடு காலை உரசிக்கொண்டு படுத்தது. அப்போதும் பார்க்கவில்லை. மறுநாள் அந்த ஆட்டத்தின் நடுவே அவள் குளம்பு ஆட்டின் பின்னங்காலில் இறங்கிவிட்டது. வேண்டுமென்று மிதித்ததில்லை. அங்கே ஒரு ஆடு இருக்கிறதென்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது மைனி, "விடுங்க, அது என்ன செய்யும் பாவம்" என்றாள். அவள் ஆட்டைச் சொன்னாளா குதிரையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் சின்னவளின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. கல்யாண சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. எலும்பு தெரியும் குதிரையில் எந்த மாப்பிள்ளை ஏறுவான்?

கல்யாண் என்கிற ஊர்ப் பக்கம், குன்றுமேல் இருக்கிற வீடுகளுக்குச் செங்கலும் மணலும் ஏற்றுகிற மராத்திக்காரர் ஒருவரிடம் கழுதைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு இவர் போனார். சாயங்காலம் ஒரு டெம்போ சந்து முனையில் வந்து நின்றது. இறங்கியது ஒரு சாம்பல் நிறக் கழுதை. முதுகில் பழைய புண் ஆறிய தழும்பு, ஒரு காது கிழிந்திருந்தது. சந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

கழுதை யாரையும் சட்டை பண்ணவில்லை. கொட்டகைக்குள் போனது, குதிரையை ஒரு பார்வை பார்த்தது, நேரே சின்னவளின் தொட்டிக்குள் தலையை விட்டுக் கொள்ளைத் தின்ன ஆரம்பித்தது. சின்னவளின் ஆட்டம் நின்றது. காது இரண்டும் முன்னால் வந்தன. கழுதையின் கழுத்தை மோந்தாள், தழும்பை மோந்தாள். அப்புறம் அவளும் தொட்டிக்குள் வாயை வைத்தாள்.

"திங்கா! ஏட்டி, திங்கா பாரு!" என்று அவர் என் கையைப் பிடித்து உலுக்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

பிறகு வந்த வாரங்கள் நன்றாக இருந்தன. அதை நான் மறைக்கக் கூடாது. சின்னவள் கழுதையின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். விலா மூடியது, தோல் மினுங்கியது. சரிகைப் போர்வையையும் நெற்றிச் சுட்டியையும் எடுத்து இவர் வெயிலில் போட்டார்.

முதல் பராத் சயானில். ஜோடித்துக் கிளப்பினால் அவள் சந்து முனை தாண்ட மாட்டேனென்கிறாள். பின்னாலேயே திரும்புகிறாள். கொட்டகையில் கழுதை ஒரு தரம் கத்தியது. அவ்வளவுதான், சரிகை கிழிய இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு வேறு ஆள் போனான்.

பழக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பிரிப்பது, கொஞ்ச தூரம் பிரிப்பது. கழுதை கண்ணுக்கு மறைந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து நுரை தள்ளும். டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, "துணை தேடச் சொன்னேன். இவ்வளவு ஒட்டிக்கும்னு நான் நெனைக்கலைங்க" என்றார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. வழி இல்லை.

கடைசியில் இவர் ஒரு யோசனை செய்தார். மாட்டுங்காவில் ஒரு குஜராத்திக் கல்யாணம். ஊர்வலத்தின் கடைசியில் ஜெனரேட்டர் வண்டி வரும், அதற்குப் பின்னால் கழுதையைக் கட்டிவிடலாம், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். கழுதையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் போனேன். பால்வாடி டீச்சர், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ஜெனரேட்டர் புகையில், கையில் கழுதைக் கயிறு.

பாதித் தெரு வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சின்னவள் அடிக்கொரு தரம் காதைப் பின்னால் திருப்பினாலும் நடந்தாள். மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு சின்னப் பையனை உட்கார வைத்திருந்தார்கள், அது அவர்கள் வழக்கம். பாண்டு ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் கழுதை கத்திவிட்டது. முதலில் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். அப்புறம் பெரியவர் ஒருவர் வந்து என்னைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார். கழுதை மேல் ஊர்வலம் விடுவது யாரையென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளையை அவமானப்படுத்தவா வந்தீர்கள் என்று இந்தியில் கத்தினார். இரண்டு பேர் என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக் கழுதையைப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

சின்னவள் பின்னங்காலில் எழுந்து நின்றாள். பையனை ஒரு விளக்குக்காரர் எட்டிப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை கீழே விழவில்லை, சரிந்து இறங்கினான். தலைப்பாகை மட்டும் தெருவில் உருண்டது. இவர் கடிவாளத்தில் தொங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, இந்தா நிக்கா, இங்ஙனதான் நிக்கா" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மீதித் தூரத்தை நடந்து போனான்.

அதோடு முடிந்தது. பாண்டுக்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குக் கல்யாணம் வரும். அன்றைக்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வீடியோவைச் சந்துப் பிள்ளைகள்கூடப் பார்த்துவிட்டார்கள். அவர் இரண்டுக்கும் தண்ணீர் காட்டுவார், தேய்த்துவிடுவார், வாசலில் உட்கார்ந்துகொள்வார். என் சம்பளத்தில் மனுஷர் இரண்டு பேர் சாப்பிடலாம். ஒரு குதிரையும் கழுதையும் சேர்ந்து சாப்பிட முடியாது.

உல்லாஸ்நகரைத் தாண்டிக் குதிரை வைத்திருப்பவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். அவரிடம் நாலு கல்யாணக் குதிரைகள் இருந்தன. திறந்த வெளி, வேப்பமரம், பெரிய தொட்டி என்று போனில் படம் காட்டினார். கழுதையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள் என்று இவர் கேட்டார். அந்த ஆள் சிரித்தார். என்னிடம் நாலு குதிரை இருக்கும்போது கழுதை எதற்கு, குதிரைக்குக் குதிரைதானே துணை என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் தேடியதும் அதைத்தானே. அன்று சாப்பிடும்போது இவர், "நாலு பேரு இருக்காளுவ. நம்மகிட்ட இருக்கதவிட நல்லாத்தான் இருப்பா" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

டெம்போவில் அவள் ஏற மாட்டேனென்றாள். கழுதையை முதலில் ஏற்றினார்கள். பின்னாலேயே ஏறினாள். அவளைக் கட்டிவிட்டு, பக்கவாட்டில் நெருக்கித் தள்ளிக் கழுதையை மட்டும் இறக்கிக் கதவைப் போட்டார்கள். உள்ளே தகரம் அதிர்ந்தது. நைன்ட்டி ஃபீட் ரோடில் டெம்போ திரும்பும் வரைக்கும் அவள் கனைப்புக் கேட்டது. அப்புறம் ஹாரன் சத்தத்தில் எதுவென்று பிரிக்க முடியவில்லை.

கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். கழுதையைத் தேற்ற வேண்டியிருக்குமே என்றுதான் அவசரமாக வந்தேன். அது தொட்டியில் மிச்சமிருந்த கொள்ளைத் தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை. அன்றும் தின்றது, மறுநாளும் தின்றது. ஒரு தரமாவது வாசலைப் பார்க்குமென்று காத்திருந்தேன், பார்க்கவில்லை. கல்யாணுக்கே திருப்பிக் கொடுத்தோம். மராத்திக்காரர் தழும்பு மேலேயே சாக்கை விரித்துச் செங்கலை அடுக்கினார். அது தானாகவே மேட்டில் ஏறிப் போனது.

கொஞ்ச நாள் பொறுத்து என் கணவர் உல்லாஸ்நகர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாலும் ஏற்கெனவே சேர்ந்து பழகிய கூட்டம். புதிதாக வந்தவளைத் தொட்டிப் பக்கம் விடவில்லை. கழுத்தெல்லாம் கடித்த காயம். வேலியோரம் தனியாக நின்று பழையபடி ஆடிக்கொண்டிருந்தாளாம். இவர் குரலைக் கேட்டதும் வந்து தோளில் தாடையை வைத்தாளாம்.

"கூட்டிட்டு வந்திருவம்ட்டி" என்றார். "பொழப்பு எப்பிடியும் போகட்டும். கழுதையையும் வாங்கிருவோம்."

"வாங்கிருவோம்" என்றேன்.

செம்பூரில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தார். கிடைத்தது. திருப்பித் தர அந்த ஆளும் சம்மதித்துவிட்டார், அவருக்கும் அவளால் பிரயோசனம் இல்லை. அடுத்த விடுமுறையன்று காலையில் டெம்போவோடு போனார். நான் கொட்டகையைக் கழுவி, புதுப் புல் பரப்பி வைத்தேன். மைனியும் வந்து கூட நின்றாள்.

வெறும் டெம்போ திரும்பி வந்தது. முந்தின நாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இவர் போகிறபோது உயிர் இருந்திருக்கிறது.

அவர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன், கடைசியில் அவள் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று.

"நான் இருந்தேன்" என்றார். "அந்த நாலு பேரும் நின்னாளுவ. ஆனா தள்ளித்தான் நின்னாளுவ."